நற்றொண்டு சங்கத்தின் ஒரே பொன்னாடை

சூரன்குளம் நற்றொண்டு சங்கத்துக்கு முப்பது வருஷமாக ஒரே ஒரு பொன்னாடைதான். கிளிப்பச்சை நிறம், ரெண்டு ஓரமும் ஜரிகை, நடுவில் என்றைக்கோ யாரோ சிந்திய சந்தனக் கறை. பெரிய அதிகாரி வந்தாலும் அதுதான், கபடியில் ஜெயித்த பிள்ளைகள் வந்தாலும் அதுதான். விருந்தாளியின் தோளில் போடுவார்கள், கை தட்டுவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், அவர் உட்காருகிற சாக்கில் செயலாளர் குற்றாலிங்கம் பின்னாலிருந்து வந்து “குடுங்க, மடிச்சுப் பையில வச்சிருதேன்” என்று நைசாக உருவிக்கொண்டு போவார். வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் சங்கத்தின் ஆண்டு மலரும் ரெண்டு ஆரஞ்சுப் பழமும் இருக்கும். போய்க் கேட்க முடியுமா? எனக்குப் போட்ட மரியாதையைத் திருப்பிக் கொடு என்று எந்த மனுஷன் கேட்பான்? அந்தத் தைரியத்தில்தான் முப்பது வருஷம் ஓடியது. அன்னமயில் தோளில் விழுந்த அன்றைக்குத்தான் அந்தப் பொன்னாடை சங்கத்துக்குத் திரும்பி வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. அடம் பிடித்தது என்றால் ஒட்டிக்கொண்டு நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது.

அன்னமயில் யாரென்று சூரன்குளத்தில் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நாற்பத்தாறு வயது, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, சட்டை பூராவும் பெயிண்ட், இடுப்பில் செருகிய பிரஷ், அவளைவிட ரெண்டு மடங்கு உயரத்தில் ஒரு மூங்கில் ஏணி. அங்கன்வாடியில் ஆப்பிளும் ஆனையும் அவள் வரைந்தது, பள்ளிக்கூடத்து இந்தியா படம் அவள் வரைந்தது, டிராக்டருக்குப் பின்னால் பாய்கிற புலியும் அவளுடையதுதான். ஆனால் அவளிடம் போய் நீ வரைந்ததிலேயே எது பெரிசு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள், ஆஸ்பத்திரிப் பாம்பு என்று.

அந்தப் பாம்பு நம்முடைய அரசு ஆஸ்பத்திரியின் வாசலில் தொடங்கும். வாசல் சுவரில் வால், அங்கிருந்து ஓ.பி. சீட்டுக் கொடுக்கிற இடத்தைத் தாண்டி, ரத்தம் எடுக்கிற ரூமைத் தாண்டி, தண்ணித் தொட்டிக்கு இடது பக்கம் திரும்பி, பிணவறைக்குப் பின்னால் வளைந்து, மூணாவது கட்டடத்தில் விஷக்கடிக்கு ஊசி போடுகிற ரூமின் கதவுக்குப் பக்கத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பச்சைப் பாம்பு, இருநூறு அடி நீளம், ஓர் இடத்தில்கூட அறுந்து போகாது. பிள்ளைத்தாச்சிக்கு ஒரு சிவப்புக் கோடு, கண்ணுக்கு ஒரு மஞ்சக்கோடு என்று அதற்குக் கீழே சின்னச் சின்னதாக வேறு கோடுகளும் உண்டு. ஆனாலும் சுத்துப்பட்டியில் அந்தச் சுவருக்குப் பாம்புச் சுவர் என்றுதான் பேர். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. கடலைக்காட்டில், வரப்பில், ஆட்டுக்கிடையில் கடிபட்டுத் தூக்கி வருகிறவர்கள் வாசலில் இறங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள், “பாம்பு எங்க?” யாராவது வாலைக் காட்டுவார்கள். வாலைப் பிடித்தால் தலைக்குப் போய்விடலாம்.

யாரும் கேட்டு வரைந்ததில்லை அது. பதினோரு வருஷத்துக்கு முந்தி அவளுடைய தங்கச்சி பூரணத்தைக் கட்டுவிரியன் கடித்தது. அன்னமயில் வெளியூர் வேலைக்குப் போயிருந்தாள். பூரணமும் அவள் புருஷனும் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரத்தோடுதான் வந்து சேர்ந்தார்கள். ரெண்டு பேருக்கும் ஓர் எழுத்துத் தெரியாது. ‘நச்சு முறிவுச் சிகிச்சைப் பிரிவு’ என்று அழகான தமிழில் போர்டு வைத்திருந்தார்கள் மகராசன்கள், அதற்கு எதிரிலேயே ரெண்டு தரம் போய்விட்டு, பல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, சீட்டு வாங்கவில்லை என்று விரட்டப்பட்டு, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் பூரணம் சுருண்டு விழுந்தாள். ஊசி ரூமுக்கும் அவள் விழுந்த இடத்துக்கும் நாற்பது அடி இருக்கும். காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அன்னமயில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தச் சுவரைத்தான் சங்கம் வெள்ளையடிக்கப் போகிறது என்று ஆஸ்பத்திரி வாட்ச்மேன் அவளிடம் வந்து சொன்னான். சங்கத்துக்குப் பொன்விழா. வெள்ளையடித்து, நூற்றிப் பன்னிரண்டு நற்றொண்டர்களின் பெயர்களையும் அதில் எழுதப் போகிறார்களாம். அதைக் கேட்டு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் குற்றாலிங்கம் ஃபோன் போட்டார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன மனுஷன், குரலில் எப்போதும் ஒரு குழைவு.

“அம்மா, ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்துல மாசக் கூட்டம். ‘கலையும் தொண்டும்’னு தலைப்பு. நீங்கதான் சிறப்புப் பேச்சாளர். ஒரு அஞ்சு நிமிஷம் பேசுனாப் போதும்.”

“அஞ்சு நிமிஷம் போதும் சார். எனக்கும் அதான் வேணும்,” என்றாள் அன்னமயில்.

மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். தங்கச்சியைப் பற்றிச் சொல்லும்போது அழக்கூடாது, அழுதால் அஞ்சு நிமிஷம் அதிலேயே போய்விடும் என்று தனக்குத்தானே சத்தம் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். அவள் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் ஆவுடையப்பன், பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், கழுத்தில் மெடல் மாலையோடு வந்து மணியடித்துத் தொடங்கினார். வாழ்த்துப் பாடினார்கள். உறுதிமொழி எடுத்தார்கள். அந்த மாசம் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பூக் கொடுத்தார்கள், கல்யாண நாள் கொண்டாடுகிற ஜோடிகளைக் கூப்பிட்டு மாலை மாற்றச் சொன்னார்கள், வராதவர்களுக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். போன மாச அறிக்கை, அதற்கு ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு பாராட்டு. மணி பன்னிரண்டு. அப்புறம் சிறப்பு விருந்தினர் அறிமுகம். “கோலப் போட்டிகளில் கணக்கற்ற பரிசுகளைக் குவித்த கோலமயில்” என்று ஒருத்தர் எழுதி வந்து வாசித்தார். அன்னமயில் தன் வாழ்நாளில் ஒரு போட்டியில்கூடக் கோலம் போட்டதில்லை.

தலைவர் எழுந்தார். “நற்றொண்டர்களே, ஒரு சந்தோஷமான செய்தி. அழுக்கடைஞ்சு கிடக்கிற நம்ம ஆஸ்பத்திரிச் சுவர வர்ற புதன்கிழமை நம்ம கடைப் பெயிண்டுலயே வெள்ளையடிக்கிறோம். உங்க அத்தனை பேர் பேரும் அதுல வரப்போகுது. எழுதப் போறது யாருன்னு நினைக்கிறீங்க? இதோ, நம்ம அன்னமயில் அம்மாதான்!”

கை தட்டல் என்றால் அப்பேர்ப்பட்ட கை தட்டல். அன்னமயிலுக்கு உச்சந்தலை வரைக்கும் சுறுசுறு என்று ஏறியது. விறுவிறுவென்று எழுந்து மைக்கைப் பிடித்தாள். “சார், அந்தச் சுவத்தப் பத்தித்தான் நான் சொல்ல…”

“ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம், பொன்னாடையைப் போட்டிருவோம்,” என்று குற்றாலிங்கம் மைக்கை வாங்கி வைத்தார்.

தலைவர் போட்டார், குற்றாலிங்கம் உருவினார். துணைத்தலைவர் போட்டார், உருவினார். பொருளாளர், மாவட்டப் பிரதிநிதி, மகளிர் அணித் தலைவி, முன்னாள் தலைவர், முன்னாளுக்கு முன்னாள் தலைவர் என்று ஏழு பேர் அதே ஒரு பொன்னாடையை ஏழு தடவை போட்டு ஏழு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஏழாவது தடவை போட்டு முடிந்ததும் குற்றாலிங்கம் வழக்கம்போல இடது தோளில் கையை வைத்து இழுத்தார். வந்தது. மடித்தார். இன்னும் வந்தது. மறுபடியும் மடித்தார், கை நிறைந்தது, மேஜை மேல் வைத்துவிட்டு மறுபடியும் இழுத்தார், பச்சைத் துணி ஜரிகையோடு அவள் தோளிலிருந்து பம்புசெட்டுத் தண்ணீர் மாதிரி நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சந்தனக் கறைகூட ஆறு முழத்துக்கு ஒன்று அதே இடத்தில் வந்தது.

யாராவது அலறினார்களா? ஆச்சரியப்பட்டார்களா? அதுதான் இல்லை. “நீளமா இருக்கே, நல்ல துணி போல,” என்றார் துணைத்தலைவர். “அந்தக் காலத்துல வாங்குனதுல்லா,” என்றார் முன்னாள் தலைவர். மகளிர் அணி நாலு பேராக நின்று விரித்துப் பிடித்து மடித்தது. அன்னமயில் வாயைத் திறக்கும்போதெல்லாம் தலைவர் கையைக் காட்டினார்: “அசையாம உக்காருங்கம்மா, இது முடிஞ்சிரட்டும், அப்புறம் உங்க அஞ்சு நிமிஷம்தான்.” அது முடியவில்லை. பந்தி போட்டாச்சு என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஒருத்தர் அவசர அவசரமாக நன்றியுரை சொன்னார். அதில் “மிகச் சிறந்ததோர் உரை நிகழ்த்திய ஓவியர் அவர்களுக்கு” என்று நன்றி வேறு. பேசாத பேச்சுக்கு! அவள் மேடையில் உட்கார்ந்திருக்கிறாள், வாய் அவள் முகத்தில்தான் இருக்கிறது, நூறு பேருக்கு முன்னால் ஒருத்தன் துணிந்து சொல்கிறான், அத்தனை பேரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் துணி சங்கத்தின் மாடிப்படியில் இறங்கியது. சாயங்காலம் பஜாருக்கு வந்தது. அன்னமயில் நடந்தால் நடக்கிற பக்கமெல்லாம் வந்தது, வீட்டில் உலை வைக்கும்போதும் வந்தது, தோளிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டாலும் நுனி மட்டும் பிரியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு மிச்சம் வந்தது. பாரமும் இல்லை, வலியும் இல்லை. அதுகூடக் கொஞ்சம் வலித்திருக்கலாம், ஊர்க்காரர்களுக்கு ஓர் இரக்கமாவது வந்திருக்கும்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரி தொட்டில் கட்ட எட்டு முழம் வெட்டிக்கொண்டு போனாள், அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வத்தல் காயப்போட வெட்டினாள், அவளைப் பார்த்துத் தெருவே வந்தது, தெருவைப் பார்த்து ஊர் வந்தது. சலூன்காரர் கழுத்தில் கட்டுகிற துணிக்கு வந்தார், டிராக்டர்காரர் எஞ்சினை மூட வந்தார், பள்ளிக்கூடத்திலிருந்து ஜன்னல் திரைக்கு வந்தார்கள், கோயிலிலிருந்து கொடை விழாப் பந்தலுக்கும் பள்ளிவாசலிலிருந்து கந்தூரிப் பந்தலுக்கும் ஒரே நேரத்தில் வந்து நீங்க முதல்ல நீங்க முதல்ல என்று ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்தார்கள், சர்ச்சிலிருந்து அங்கி தைக்க வந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்து இந்தக் கலர் எங்களுக்கு ஆகாது என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரெண்டாம் நாளே அதற்கு ஒரு முறை வந்துவிட்டது. காலையில் பெண்கள் வரிசை, மத்தியானம் ஆண்கள் வரிசை, ஆளுக்கு நாலு முழம், கல்யாண வீடென்றால் பத்து. கத்திரிக்கோலோடு தையல்காரர் சங்கரபாண்டி அவள் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மினி பஸ் அவள் வீட்டுக்கு எதிரே நின்று போக ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். போகும்போது ஒருத்தர் பாக்கியில்லாமல் “நல்லா இருப்ப தாயி” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

நீ என்ன சொல்ல வந்தாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஒருத்தர்!

“அண்ணாச்சி,” என்பாள் சங்கரபாண்டியிடம், “ஆஸ்பத்திரிச் சுவத்த வெள்ளையடிக்கப் போறாவளாம். நாலு பேரு போய்ச் சொன்னா…”

“அசையாத தாயி, கோணலாப் போயிரும்,” என்பார் அவர், பல்லில் குண்டூசியோடு. வெட்டி முடித்துவிட்டு, “என்னமோ சொன்னியே?” என்பார். அவள் மறுபடி தொடங்குவதற்குள் அடுத்த ஆள் வந்து துணியைப் பிடித்திருப்பான்.

புதன்கிழமை காலையில் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பின்னால் பச்சைத் துணி தெரு நீளத்துக்கு இழுபட்டு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு வரிசையும் வந்தது. ஆறு பேர் சுவரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாம்பின் தலை அதற்குள் போய்விட்டிருந்தது.

“எக்கா, எங்க கையில என்ன இருக்கு? சொன்னதச் செய்யுதோம்,” என்றான் ஒருத்தன், அவளைப் பார்க்க முடியாமல்.

பெரிய டாக்டரின் ரூமுக்குப் போனாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார், துணியைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். “நீங்கதானா அது! பெட்ஷீட் பற்றாக்குறைம்மா இங்க. நாப்பது கட்டிலுக்கு மட்டும் எடுத்துக்கிடட்டுமா?” நாற்பது கட்டிலுக்கும் எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் சொன்னதற்கு, “நன்கொடையாளர் விருப்பம், நான் என்ன செய்ய?” என்று ஒரே வரியில் முடித்தார். அவள் வெளியே வரும்போது வாலின் கடைசி முழமும் வெள்ளையாகியிருந்தது. அன்னமயில் அந்தச் சுவர் ஓரமாகவே உட்கார்ந்து, பதினோரு வருஷத்துக்கு முந்தி அழுததைவிட அதிகமாக அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தப் பொன்னாடையை மட்டும் அவள் தொடவில்லை.

மறுநாள் நேரே பெயிண்ட் கடைக்குப் போனாள். “சார், நான் பேரெழுத மாட்டேன்.”

“கோவத்தப் பாரேன்!” என்று ஆவுடையப்பன் சிரித்தார். “ஓவியக்காரங்கன்னா அப்படித்தான் இருக்கணும். நீங்க எழுதலைன்னா போங்க, கம்ப்யூட்டர்ல எழுத்து வெட்டி ஒட்டிக்கிடுதோம்.”

“சார், பாம்பு கடிச்சு வாரவிய எப்படிப் போவாவ?”

“அதான் அங்கங்க போர்டு இருக்குல்லா?”

“படிக்கத் தெரியாதவிய?”

“இந்தக் காலத்துல படிக்கத் தெரியாதவங்க யாரும்மா இருக்கா?” என்றவர், கவுண்டரில் சிந்தியிருந்த வார்னிஷைத் துடைக்க அவள் தோளிலிருந்து ரெண்டு முழம் இழுத்துக்கொண்டார். “வர்ற ஞாயிறு திறப்பு விழா. நீங்க கட்டாயம் வரணும். போன தடவை உங்க அஞ்சு நிமிஷம் விட்டுப்போச்சு, எனக்கே சங்கடமா இருக்கு. இந்தத் தடவை சத்தியமா உண்டு.”

பாவி மனுஷன் சத்தியம் பண்ணினாரே என்று அவள் போனாள். வேறென்ன செய்வாள்? சுவர் போய்விட்டது, ஆனால் நூறு பேர் காதில் ஒரு தடவை விழுந்தால் திரும்ப வரைய விடுவார்கள் என்று இன்னும் நம்பினாள்.

ஞாயிறு காலை ஆஸ்பத்திரி வாசலில் பந்தல். பந்தலும் அவள் தோளிலிருந்து போனதுதான். சுவரில் நூற்றிப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நற்றொண்டர், தலைவரின் பெயர் மட்டும் மற்றவர்கள் பெயரைப்போல நாலு மடங்கு, பாம்பின் வால் இருந்த இடத்திலேயே. ரிப்பன் வாங்க மறந்துவிட்டார்கள், மறந்தால் என்ன, அன்னமயிலின் துணி இருக்கிறதே! நுனியை இழுத்து இந்தத் தூணில் ஒரு முடிச்சு, அந்தத் தூணில் ஒரு முடிச்சு. அவளை வாசலுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வாழ்த்து, உறுதிமொழி, பிறந்தநாள், கல்யாண நாள். பதினொன்றரை ஆனது.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டுக்கிடை போடுகிற மாடத்தி என்பவள் தன் புருஷனைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அவனுக்குக் கண் இமை தொங்கிவிட்டது, கால் தரையில் பாவவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ரிப்பனுக்குக் கீழே குனிந்து சுவருக்கு வந்தாள்.

“பாம்பு எங்க? இங்கனதான வாலு இருந்துச்சு? போன வருசம் எங்க மாமியாளக் கூட்டியாந்தேனே, இங்கனதான?” என்று வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவித் தேடினாள்.

“ஏம்மா, ஏம்மா, சுவத்தத் தொடாதீங்க, எழுத்து உரிஞ்சிரும்,” என்றார் பொருளாளர்.

“எய்யா, பாம்பு எங்க போச்சு?”

“கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, ஃபோட்டோ எடுத்துக்கிடுதோம்.”

சரியாக அந்த நேரம் பார்த்து மைக்கில் தலைவர் குரல் முழங்கியது: “இப்போது நம் அன்னமயில் அம்மா அவர்கள் ஐந்து நிமிடம் உரையாற்றுவார்!” குற்றாலிங்கம் மைக்கை அவள் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். எட்டு நாளாகக் காத்திருந்த அஞ்சு நிமிஷம்.

மைக்காவது மண்ணாங்கட்டியாவது! அது எங்கே விழுந்தது என்றுகூட அவள் பார்க்கவில்லை. மாடத்தியின் புருஷனுடைய இன்னொரு கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, “வா எங்கூட,” என்று ஒரே இழுப்பு. ஓ.பி.யைத் தாண்டி, ரத்தம் எடுக்கிற ரூமைத் தாண்டி ஓடினாள். பின்னால் பச்சைத் துணி, வாசல் தூணில் போட்ட முடிச்சு அவிழாமல், விர்ரென்று நீண்டுகொண்டே வந்தது. தண்ணித் தொட்டியிடம் மாடத்தி மூச்சு வாங்கி நின்றாள். “நிக்காத! எந்தங்கச்சி இங்கனதான் விழுந்தா. நீ நிக்காத!” என்று அன்னமயில் போட்ட சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. இடது பக்கம், பிணவறைக்குப் பின்னால், மூணாவது கட்டடம். உள்ளேயிருந்து லில்லி சிஸ்டர் எட்டிப் பார்த்தாள், அவன் இமையைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை, கட்டிலில் தள்ளி ஊசியை எடுத்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து, “பிழைச்சுக்கிடுவான். இன்னும் பத்து நிமிஷம் சுத்தியிருந்தீங்கன்னா சொல்ல முடியாது,” என்றாள்.

அன்னமயில் அப்போதுதான் கவனித்தாள். தோளிலிருந்து துணி வரவில்லை. நுனி, ஜரிகை மடித்துத் தைத்த நுனி, எட்டு நாளைக்குப் பிறகு பிரிந்து மடியில் கிடந்தது. அதை ஜன்னல் கம்பியில் இறுக்கி ரெண்டு முடிச்சுப் போட்டாள். இந்த முனை ஊசி ரூம் ஜன்னலில், அந்த முனை வாசல் தூணில், நடுவில் வளைந்து வளைந்து இருநூறு அடிப் பச்சை. மத்தியானத்துக்குள் தேள் கடித்த ஒரு கிழவனாரும் பூரான் கடித்த ஒரு பெண்ணும் அதைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

விழா முடிந்தது, பந்தி முடிந்தது, வெற்றிலையும் போட்டாயிற்று. குற்றாலிங்கம் வாசலுக்கு வந்து பார்த்தார். எட்டு நாளாக முடியாத துணி ஆடாமல் அசையாமல் தொங்குகிறது. அப்படியென்றால் முடிந்துவிட்டது, முடிந்தது என்றால் சங்கத்துக்குச் சேர வேண்டியது. தூணில் முடிச்சை அவிழ்த்தார். மடித்தார். மடித்துக்கொண்டே நடந்தார், ஓ.பி.யைத் தாண்டி, ரத்தம் எடுக்கிற ரூமைத் தாண்டி, தொட்டிக்கு இடது பக்கம், பிணவறைக்குப் பின்னால், முகத்தை மறைக்கிற உயரத்துக்குத் துணி சேர்ந்து எதிரே இருப்பதே தெரியாமல் கையால் இழுத்து இழுத்து மடித்துக்கொண்டே வந்து ஒரு கதவில் இடித்து நின்றார்.

“பாம்பா, தேளா?” என்றாள் லில்லி சிஸ்டர். “எங்க கடிச்சுது? எத்தனை மணிக்கு?”

“இல்ல சிஸ்டர்… நான் சும்மா இந்தத் துணியப் பிடிச்சுக்கிட்டே…”

“எல்லாரும் அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாராங்க. உக்காருங்க. காலக் காட்டுங்க.”

பெஞ்சில் மாடத்திக்குப் பக்கத்தில் அன்னமயில் உட்கார்ந்திருந்தாள். குற்றாலிங்கம் துணிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு வாயில் குழைவு வரவில்லை.

“பாத்தீகளா சார்? கண்ணு தெரியாமலே வந்து சேந்துட்டீக,” என்றாள் அன்னமயில். “இதச் சொல்லத்தான் அஞ்சு நிமிஷம் கேட்டேன். ஏழு பேரு போத்துனீக, ஊரே உருவுனீக, ஒருத்தருக்காவது காது இருந்துச்சா? நாளைக்குக் காலையில ஏணியோட வருவேன். உங்க தலைவர் பேரு மேலதான் வாலு வரும், நூத்திப் பன்னெண்டு பேர் மேலயும் ஏறித்தான் எம் பாம்பு போகும். தடுக்கச் சொல்லுங்க, பாப்போம். அதுவரைக்கும் அந்தத் துணி இருந்த எடத்துல இருக்கணும்.”

குற்றாலிங்கம் என்னவோ சொல்ல வந்தார்.

“நின்னு பேசாதீக சார்! அங்க அவுத்துப் போட்டுட்டு வந்திருக்கீக. இந்நேரம் ஒருத்தர் வந்து வாசல்ல நின்னா எதப் பிடிச்சு வருவாவ?”

அந்த மனுஷன் ஓடினார். அறுபத்து மூணு வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மடித்ததையெல்லாம் அவிழ்த்துப் போட்டுக்கொண்டே, வந்த வழியே வாசலுக்கு ஓடினார். நூற்றிப் பன்னிரண்டு பெயருக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பிள்ளையின் பாதம் வீங்கியிருந்தது.

“ஐயா, பாம்பு எங்க?” என்றாள்.

குற்றாலிங்கம் பொன்னாடையின் நுனியை அவள் கையில் கொடுத்தார்.